மாரி மாதங்களில் உணவை உலர்த்த டீஹைட்ரேட்டர்: திருகோணமலைக்கு அது ஏற்றதா?

கடலோரக் குசினி (உப்புவெளி) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரொறன்ரோவில் வசிக்கும் என் தங்கை, தான் அங்கே பயன்படுத்தும் டீஹைட்ரேட்டரை, அதாவது உணவை மின்சாரத்தில் உலர்த்தும் இயந்திரத்தை, கப்பலில் வரும் பெட்டியில் வைத்து எனக்கு அனுப்பட்டுமா என்று கேட்கிறாள். உடனே ஆம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்றும் வெயிலும் போட்டி போட்டுக்கொண்டு வேலை செய்யும் ஊரில், பாவற்காய் வற்றலுக்கும் மோர்மிளகாய்க்கும் வேப்பம்பூ வடகத்துக்கும் மின்சாரம் எதற்கு என்று யாரும் கேட்கலாம். ஆனால் ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் தை வரை துணி காய்வதே பெரும்பாடாகிறது. முற்றத்து முருங்கை தளிர்த்துத் தள்ளுவதும், வெட்டிய வாழைக்குலை முழுவதும் ஒன்றாகப் பழுத்து நிற்பதும் அந்த மாதங்களில்தான்.

நான் அறிய விரும்புவது இதுதான். வெளியே காற்றே நனைந்து கிடக்கும்போது, அதே காற்றை உள்ளிழுத்து ஊதும் இயந்திரம் எதையாவது உண்மையில் உலர்த்துமா, அல்லது அரைகுறையாக அவித்துப் பழுதாக்குமா? மின்கட்டணம் எவ்வளவு ஏறும்? மீனையும் அதில் போடலாமா?

வயலோரம் (தம்பலகாமம்) எழுதியது:

அக்கா, உங்கள் முதற் கேள்விக்கு விடை தெரிந்தால் மற்றவை எளிதாகிவிடும். காற்றைச் சூடாக்கும்போது அதிலுள்ள நீராவி குறைவதில்லை. ஆனால் அந்தக் காற்று தாங்கக்கூடிய நீராவியின் அளவு பல மடங்கு கூடுகிறது. 28 பாகை செல்சியஸ் வெப்பமும் 85 வீத ஈரப்பதனும் கொண்ட மார்கழிக் காற்றை இயந்திரம் உள்ளிழுத்து 57 பாகைக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதன் ஏறத்தாழ 19 வீதத்துக்கு இறங்கிவிடும். 32 பாகையும் 60 வீதமுமாக இருக்கும் ஆனி மாதக் காற்றை அதே அளவுக்குச் சூடாக்கினால் 17 வீதத்துக்கு அண்மையாக வரும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான். ஆகவே தட்டில் கிடக்கும் வாழைப்பழத் துண்டுக்கு வெளியே பெய்வது மழையா, அடிப்பது வெயிலா என்பது ஏறக்குறையத் தெரியாது என்றே சொல்லலாம்.

இலை வகைகளுக்கு மட்டும் இந்தக் கணக்குச் சற்று மாறும். முருங்கையிலை, கறிவேப்பிலை போன்றவற்றை நிறமும் மணமும் கெடாமல் 35 முதல் 40 பாகைக்குள் உலர்த்தும்படி இயந்திரத்தோடு வரும் கையேடுகள் கூறுகின்றன. மாரிக் காற்றை 40 பாகைக்கு மட்டும் சூடாக்கினால் ஈரப்பதன் 43 வீதத்தில் நின்றுவிடும். இலை காய்வதற்கு முன்னரே வாடிக் கறுக்கத் தொடங்கும். எனவே அந்த மாதங்களில் நான் இலைகளுக்கு 45 பாகைக்குக் கீழே வைப்பதில்லை. அந்த அளவில் ஈரப்பதன் 33 வீதத்துக்கு இறங்குகிறது, வேலையும் விரைவாக முடிகிறது.

மரக்கறிகளுக்கு 52 முதல் 57 பாகையும், பழங்களுக்கு 57 பாகையும் போதும். வேகமாக முடியட்டும் என்று தொடக்கத்திலேயே 70 பாகைக்கு ஏற்றிவிடுவது பலரும் செய்வது. அப்படிச் செய்தால் துண்டின் மேற்பரப்பு ஓடுபோல் இறுகி, உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி அடைபட்டுவிடும். தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோலவே இருக்கும், போத்தலில் போட்ட சில நாட்களில் பூஞ்சணம் பிடிக்கும்.

திருகோணமலையில் உண்மையான சிக்கல் இயந்திரத்துக்கு வெளியேதான் இருக்கிறது. 19 வீத ஈரப்பதனில் காய்ந்த பொருளைத் தட்டோடு எடுத்து 85 வீத ஈரப்பதனில் ஒரு இரவு மேசையில் வைத்தால், அது தண்ணீரை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். இயந்திரம் வாங்குவதற்கு முன் நல்ல மூடியுள்ள போத்தல்களைத் தேடிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

மின்வேலைக்காரன் (அநுராதபுரச் சந்தி) எழுதியது:

தங்கை அனுப்பும் இயந்திரத்தைப் பெட்டியில் ஏற்றுவதற்கு முன் அதன் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள் அம்மா. கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். நம் நாட்டில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அந்த இயந்திரத்தை இங்கே நேரடியாகச் செருகினால் சூடேற்றும் கம்பி அந்த நிமிடமே போய்விடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்போர்மர் வைத்து ஓட்டலாம் என்பார்கள். ஆனால் 600 வாட் இயந்திரம் பல மணிநேரம் தொடர்ந்து ஓடுவதற்கு 1000 வாட்டுக்குக் குறையாத டிரான்ஸ்போர்மர் வேண்டும். அது பாரமானது, விலையும் கூடியது, தானும் சூடாகி மின்சாரத்தை வீணாக்கும். அத்தோடு 60 ஹேர்ட்ஸுக்கு அமைந்த விசிறி மோட்டார் 50 ஹேர்ட்ஸில் மெதுவாகச் சுழன்று கூடுதலாகச் சூடேறலாம். இந்த இயந்திரத்தின் உயிரே விசிறிதான் என்பதால், அதை மெதுவாக்கிக்கொண்டு ஓட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. தகட்டில் 220 முதல் 240 வோல்ட் வரை என்று இல்லாவிட்டால், பெட்டியில் அதற்குரிய இடத்துக்கு வேறு ஏதாவது அனுப்பச் சொல்லுங்கள்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, 500 வாட் இயந்திரம் 10 மணிநேரம் இடைவிடாமல் எரிந்தால் 5 அலகு. உண்மையில் பொருள் காயக் காய, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாட் வெட்டி வெட்டி எரிவதால் அதற்குச் சற்றுக் குறையும். ஒரு லீற்றர் தண்ணீரை ஆவியாக்குவதற்கே ஏறத்தாழ 0.65 அலகு வேண்டும் என்பது இயற்கை விதி. கம்பியால் சூடேற்றும் எந்த இயந்திரமும் அதற்குக் கீழே போகாது, வீட்டு இயந்திரங்கள் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு எடுக்கும். ஆனால் அலகுக் கணக்கோடு மட்டும் நிற்காதீர்கள். வீட்டுப் பாவனைக்கான கட்டணம் படிப்படியாக ஏறுவதால், மாதத்தில் நான்கைந்து முறை ஓட்டினால் உங்கள் பட்டியல் அடுத்த படிக்குத் தாண்டுமா என்பதைப் பழைய பட்டியல்களை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். படியின் விளிம்பில் இருக்கும் வீட்டுக்கு 20 அலகு என்பது பெரிய வித்தியாசம்.

வகையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். வட்டத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் மலிவான வகையில் பெரும்பாலும் விசிறியும் சூடேற்றியும் அடியில் இருக்கும். மோர்மிளகாயில் இருந்து வடியும் மோரும், பழச்சாறும் நேராக அதன்மேல் சொட்டும். பின்புறத்தில் விசிறியுள்ள பெட்டி வகையில் அந்தத் தொல்லை இல்லை. தட்டுகளை மேலும் கீழும் இடம் மாற்ற வேண்டிய வேலையும் குறைவு. கடற்கரையை ஒட்டிய வீடு என்பதால் தட்டும் உட்புறமும் துருப்பிடிக்காத உருக்காக இருப்பது நல்லது.

கிண்ணியா நானா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் இதில் மாற்றுக் கருத்துடையவன். வருடத்தில் ஏழெட்டு மாதம் சும்மா கிடைக்கும் வெயிலைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டு, மூன்று நான்கு மாதத்துக்காக இவ்வளவு விலை கொடுத்து ஒரு பெட்டியை வாங்கி மூலையில் வைப்பது வீண்செலவு என்றே எனக்குப் படுகிறது. எங்கள் உம்மா காலத்தில் மாரிக்குத் தேவையானதையெல்லாம் கோடையிலேயே காயவைத்து முடித்துவிடுவார்கள். மழையில் பச்சை மரக்கறியைச் சமைத்துச் சாப்பிட்டோம், யாருக்கும் குறை இருக்கவில்லை. நான்கு பலகையும் கொஞ்சம் வலையும் ஒரு பொலித்தீன் விரிப்பும் இருந்தால், ஈயும் தூசும் அண்டாத சூரிய உலர்த்தியை யாரும் ஒரு பின்னேரத்தில் செய்துவிடலாம். கருவாட்டைப் பொறுத்தவரை உப்பும் காற்றும் செய்யும் வேலையை எந்த இயந்திரமும் செய்யாது.

வயலோரம் எழுதியது:

நானா சொல்வதில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடு. வைகாசியில் மிளகாய் வற்றல் போடுவதற்கு மின்சாரத்தைச் செலவழிப்பவரை நானும் மெச்சமாட்டேன். 30 பாகைக்கு மேற்பட்ட வெப்பமும் 60 வீதத்துக்குக் குறைந்த ஈரப்பதனும் காற்றும் இருந்தால் பழத்தை வெயிலில் உலர்த்தலாம் என்பது பொதுவான அளவுகோல். கச்சான் அடிக்கும் பகற்பொழுதுகளில் நமக்கு அது பெரும்பாலும் வாய்க்கிறது. ஆனால் கோடையிலும் இரவில் ஈரப்பதன் ஏறிவிடுகிறது. மாலையில் பாயைச் சுருட்டி உள்ளே எடுக்கத் தவறினால், பகலில் போன ஈரத்தில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும்.

நான் மாறுபடும் இடம் மிளகாய். எதிர்பாராத மழையில் அரைகுறையாகக் காய்ந்த மிளகாயை மூடிவைத்து, வெயில் வந்ததும் மறுபடி விரித்து, இப்படிப் பல நாட்கள் இழுத்தடித்துக் காயவைக்கும்போது அதில் வளரும் சிலவகைப் பூஞ்சணங்கள் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகின்றன. ஈரலைப் பாதிக்கும் அந்த நஞ்சு வறுத்தாலும் பொடித்தாலும் குழம்பில் கொதித்தாலும் போய்விடுவதில்லை. காம்படியில் சாம்பல் நிறம் தெரியும் மிளகாயைத் துடைத்துவிட்டுத் தூளுக்கு அனுப்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது செய்யக்கூடாத காரியம். வெயிலில் பாதி காய்ந்து மழையில் மாட்டிக்கொண்ட மிளகாயை அன்றிரவே இயந்திரத்தில் போட்டு முடித்துவிடலாம் என்பதே என் கணக்கில் அதன் விலையை நியாயப்படுத்துகிறது. வெயிலையும் இயந்திரத்தையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. வெயில் தொடங்கிய வேலையை இயந்திரம் முடித்தால் மின்கட்டணமும் பாதியாகும்.

நிலாவெளித் தோட்டம் எழுதியது:

சின்ன வெங்காயம் அறுவடைக் காலத்தில் விலை விழுந்து கிடக்கும்போது அதை நறுக்கி உலர்த்தி வைத்தால் பயன் உண்டா?

வயலோரம் எழுதியது:

உண்டு. அவிக்க வேண்டியதில்லை, மெல்லியதாக அரிந்து 57 பாகையில் நொறுங்கும்வரை விட்டால் போதும். ஆனால் இயந்திரத்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள், விறாந்தையில் வையுங்கள். அதோடு வேறு எதையும் சேர்த்துப் போடாதீர்கள், வாழைப்பழம் வெங்காயம்போல் மணக்கும். வீட்டுத் தேவைக்குச் சரி. விலை விழுந்த விளைச்சல் முழுவதையும் காப்பாற்ற இந்தச் சிறிய பெட்டியால் முடியாது.

கடலோரக் குசினி எழுதியது:

மின்வேலைத் தம்பிக்கு நன்றி. தகட்டில் 120 வோல்ட் என்றே இருக்கிறது, எனவே அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இங்கேயே 230 வோல்ட் பெட்டி வகை ஒன்றைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். காய்ந்துவிட்டதா என்பதை எப்படி நிச்சயப்படுத்துவது? கையேடுகள் மாம்பழத்துக்கு எட்டு மணிநேரம் முதல் பன்னிரண்டு மணிநேரம் வரை என்று பரந்த கணக்காகச் சொல்கின்றன. மீனைப் பற்றியும் இன்னும் யாரும் சொல்லவில்லை.

வயலோரம் எழுதியது:

மணிநேரத்தை நம்பாதீர்கள் அக்கா, தராசை நம்புங்கள். மாம்பழத்தில் ஏறத்தாழ 83 வீதம் தண்ணீர். தோலும் கொட்டையும் நீக்கி அரிந்த 1 கிலோ துண்டுகளில் 170 கிராம் மட்டுமே திடப்பொருள். உலர்ந்த பழத்தில் சுமார் 20 வீத ஈரம் இருக்கலாம் என்பதால், 170 ஐ 0.8 ஆல் வகுத்தால் 212 கிராம் வரும். தட்டுகளில் உள்ளவை மொத்தமாக அந்த எடைக்கு இறங்கும்வரை வேலை முடியவில்லை என்று பொருள். மரக்கறிகள் 10 வீதத்துக்குக் கீழே போகவேண்டும். தக்காளியில் 94 வீதம் தண்ணீர் என்பதால் 1 கிலோவில் 65 கிராம் அளவுதான் மிஞ்சும். அதைப் பார்த்து மனம் உடைந்துவிடாதீர்கள்.

கையாலும் பார்க்கவேண்டும். சூடாக இருக்கும்போது எல்லாமே மென்மையாக இருப்பதால், தட்டின் நடுவிலிருந்து தடித்த ஒரு துண்டை எடுத்து ஆறவிட்டு இரண்டாகக் கிழியுங்கள். கிழிந்த விளிம்பை விரல்களுக்கிடையில் அழுத்தும்போது ஒரு துளி ஈரமும் கசியக்கூடாது. மடித்தால் துண்டு தன்மேல் தானே ஒட்டாமல் தோல்போல் வளைந்து திரும்ப வேண்டும். பாவற்காய் வளையக்கூடாது, ஒடியவேண்டும். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தில் சாறு அதிகம், ஆகையால் 6 மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பாக அரியாதீர்கள். நன்றாகக் கனிந்து குழைந்துவிட்ட பழத்தைத் துண்டாக்க முயல்வதை விட, மசித்துத் தேங்காயெண்ணெய் பூசிய விரிப்பில் மெல்லியதாகப் பரப்பி, பனங்களியில் பினாட்டுப் போடுவதுபோல் தகடாக எடுப்பது எளிது. வாழைப்பழம் கறுக்காமலிருக்கத் துண்டுகளைத் தேசிக்காய்ச்சாறு கலந்த தண்ணீரில் சில நிமிடம் போட்டெடுங்கள். பாவற்காயை மஞ்சளும் உப்பும் சேர்த்து இரண்டு மூன்று நிமிடம் ஆவியில் வாட்டினால், நிறத்தையும் சுவையையும் கெடுக்கும் நொதியங்கள் செயலிழந்துவிடும்.

எல்லாத் துண்டும் ஒரே அளவில் காய்வதில்லை. இதற்காகவே பழத்துக்கு ஒரு வாரம் தனியாக ஒதுக்கவேண்டும். கண்ணாடிப் போத்தலை மூன்றில் இரண்டு பங்குக்கு நிரப்பி இறுக மூடி, ஏழு முதல் பத்து நாட்கள் வரை நாளுக்கு ஒருமுறை குலுக்குங்கள். கூடுதலாக ஈரமுள்ள துண்டிலிருந்து குறைவானதற்கு ஈரம் பகிர்ந்துகொள்ளப்படும். இடையில் போத்தலின் உட்சுவரில் மூச்சு பட்டதுபோல் மங்கல் தெரிந்தால், முழுவதையும் மறுபடி இயந்திரத்தில் போடுங்கள். பூஞ்சணம் தெரிந்தால் முழுவதையும் எறியுங்கள், நல்லதைப் பொறுக்கி எடுக்க வேண்டாம்.

மாரியில் ஆறவைப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சூட்டோடு மூடினால் போத்தலுக்குள் வியர்க்கும், வெளியே வைத்து ஆற விட்டால் ஈரத்தை இழுக்கும். எனவே கடைசியில் வெப்பத்தை 35 பாகைக்கு இறக்கிச் சிறிது நேரம் விசிறியை ஓடவிட்டு, தட்டை வெளியே எடுத்த கையோடு போத்தலில் போட்டு மூடிவிடவேண்டும். ஒரு பெரிய போத்தலை விடப் பல சிறிய போத்தல்கள் நல்லவை, ஒன்றைத் திறக்கும்போது மற்றவை மழைக்காற்றைக் காணாது. பிளாஸ்டிக் பைகளில் எறும்பு மட்டுமல்ல, ஈரமும் மெல்ல மெல்ல உள்ளே போகும்.

கிண்ணியா நானா எழுதியது:

மீனைப் பற்றி நான் சொல்கிறேன், வயலோரம் தம்பி அறிவியலைச் சேர்க்கட்டும். கொழுப்புள்ள மீன் காயாது. தண்ணீர் போய்விடும், கொழுப்பு அங்கேயே நின்று காறல் எடுக்கும். எனவே வீட்டில் போடுவதென்றால் விளைமீன், கலவாய் போன்ற கொழுப்புக் குறைந்த வெள்ளைச் சதை மீன்களைத்தான் எடுக்கவேண்டும். மீனின் எடையில் கால்பங்குக்குக் குறையாமல் கல்லுப்பு வைத்து, உப்பு இறங்கித் தண்ணீர் விட்ட பிறகே உலர்த்தவேண்டும். உப்பைக் குறைத்து இயந்திரத்தை நம்பும் ஆலோசனையை நான் எங்கேயாவது படித்தால் அதற்குமேல் படிக்கமாட்டேன்.

வயலோரம் எழுதியது:

நானா சொன்னதே சரியான தொடக்கம். உப்பிட்ட மீனை எடுத்தவுடன் 50 பாகைக்கு மேல் வைத்தால் அது கருவாடாகாமல் வெந்து உதிரும், உப்பிடாத மீனையோ இறைச்சியையோ 50 பாகையில் பல மணிநேரம் வைப்பது கிருமிகளுக்கு விருந்து வைப்பதாகும். அதனால்தான் இறைச்சியை உலர்த்துவதற்கு முன் அதன் உட்பகுதி 71 பாகையை, கோழியென்றால் 74 பாகையை, எட்டும்வரை சூடாக்கிவிடும்படி அமெரிக்க விவசாயத் திணைக்களம் கூறுகிறது. பல மலிவான இயந்திரங்கள் 70 பாகையையே எட்டுவதில்லை.

சூரை, கும்பளா, சாளை போன்றவற்றை வீட்டு இயந்திரத்தில் போடவே வேண்டாம் என்பது என் கருத்து. பிடித்ததிலிருந்து பனிக்கட்டியில் இல்லாமல் கிடந்த இந்த மீன்களில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகிறது. சாப்பிட்டதும் முகம் சிவந்து, உடல் தடித்து, தலை இடிப்பதற்கு அதுவே காரணம். சமைத்தாலும் உலர்த்தினாலும் உப்பிட்டாலும் ஒருமுறை உருவானது அழியாது. இது போதாதென்று, ஒருமுறை மீன் போட்ட பிளாஸ்டிக் தட்டில் பிறகு எந்தப் பழத்தையும் போட முடியாது. அக்கா, உங்கள் வீட்டுக்குக் கருவாடு வேண்டுமென்றால் குச்சவெளிப் பக்கத்தில் நல்லதாகப் பார்த்து வாங்குங்கள்.

கடலோரக் குசினி எழுதியது:

மீனை விட்டுவிடுகிறேன். கடைசியாக ஒன்று: 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்சாரம் நின்றதை யாரும் மறக்கவில்லை. இப்போது அப்படி இல்லை என்றாலும், மழையும் காற்றுமான இரவுகளில் மின்வெட்டு வருவது வழக்கம்தானே. நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பதை என்ன செய்வது?

மின்வேலைக்காரன் எழுதியது:

மின்சாரம் திரும்பும்போது டிஜிட்டல் பொத்தான் உள்ள இயந்திரங்கள் பல தாமாகத் தொடங்குவதில்லை. நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள், அது நின்றபடியே இருக்கும். திருகும் குமிழ் உள்ள வகை தானே தொடர்ந்துவிடும். மாரியில் ஓட்டப்போகிறவர் வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குவது நல்லது. இடி மின்னல் நேரத்தில் எதையும் செருகி வைக்காதீர்கள்.

வயலோரம் எழுதியது:

எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பழத்தில் புளிப்பும் இனிப்பும் இருப்பதால் சில மணிநேரம் தாங்கும். கதவைத் திறக்காமல் விட்டு, மின்சாரம் வந்ததும் தொடருங்கள். முக்கால்வாசி காய்ந்த இலையையும் மிளகாயையும் மூடிய பாத்திரத்துக்கு மாற்றி வைத்துப் பிறகு முடிக்கலாம். இன்னும் ஈரமாக இருக்கும் மரக்கறியை மட்டும் வெதுவெதுப்பான பெட்டிக்குள் விட்டுவைக்காதீர்கள். கிருமி வளர்வதற்கு அதைவிட வசதியான இடம் இல்லை. அதை எடுத்துக் குளிர்சாதனப்பெட்டியில் வையுங்கள், அதுவும் மின்சாரமின்றிச் சூடேறிவிட்டால் அன்றைக்கே கறி வைத்துவிடுங்கள்.